காலரம்மா தைத்த கையில்லாக் கவுன்

தெருவில் அவளுக்கு டைலரம்மா என்று பெயர். சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் காலரம்மா. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே இருந்த தூரம் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தொழிற்சாலையில் சேர்ந்தவள் அவள். சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் காலர் வரிசையில் காலியாக இருந்த ஓர் இயந்திரத்தைக் காட்டி, "இங்க உக்காரும்மா" என்றார். தலை நரைத்து வேலையை விட்டு வரும்வரை அவள் அந்த வரிசையிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முதுகை ஒருத்தி தைப்பாள், கையை ஒருத்தி பூட்டுவாள், பொத்தான் வைப்பவள் கூடத்தின் கடைக்கோடியில் இருப்பாள். இவளுக்கு வந்து சேர்வது காலர்த் துண்டுகள் மட்டுமே. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சுற்றித் தைக்க வேண்டும். தைக்காமல் விட்ட பக்கத்தின் வழியாகத் திருப்ப வேண்டும். மழுங்கிய மரக்குச்சியால் முனைகளைத் தள்ள வேண்டும். "சுத்தித் தை, திருப்பிப் போடு" என்பது அந்த வரிசையின் தாரக மந்திரம். புதிதாக வரும் பெண்களுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் தைத்த காலரின் இரண்டு முனைகளையும் அளந்து பார்த்தால் நூலிழை வித்தியாசம் இருக்காது. ஆனால் முழுச் சட்டை ஒன்றை அவள் தன் வாழ்நாளில் தைத்ததில்லை.

வேலையை விட்டு வந்தபின் வீட்டுக் கூடத்தில் ஒரு தையல் இயந்திரம் போட்டாள். மாடி வீட்டுக்காரி கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீளம் குறைத்துத் தரச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் பையில் ஜிப் மாற்றிக்கொண்டு போனார். யார் வாயில் முதலில் வந்ததோ தெரியாது, டைலரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் திருத்தவில்லை. இத்தகைய பேச்சைத் திருத்துவதற்கென்று ஒரு நேரம் உண்டு. அது கடந்துபோனால், திருத்தப் போகிறவரே பொய்யராகி நிற்க வேண்டியதாகிவிடும். அவளுக்கு அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. பெயரும் கேட்பதற்கு இதமாகத்தான் இருந்தது.

அவளுடைய கணவருக்கும் இரண்டு பெயர்கள். இரும்புச் சாமான் கடையொன்றில் காலையில் கதவு திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவர் பொறுப்பு. சாவிக்கொத்து அவரிடமே இருக்கும். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் பூட்டு தவறியதில்லை என்பதால் முதலாளி அவரைப் 'பூட்டு' என்றே கூப்பிடுவார். வீட்டிலோ நிலைமை வேறு. நெற்றியில் ஏற்றி வைத்த மூக்குக் கண்ணாடியை அலமாரியில் தேடுவார். குடையை எடுக்க உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். உறவுக்குள் அவர் 'மறதிப் பெரியப்பா'. அதில் அவருக்கு வருத்தமில்லை. வீட்டு மறதியெல்லாம் வேடிக்கை, கடைச் சாவி மட்டும் நிஜம் என்று அவருக்குள் ஒரு கணக்கு இருந்தது.

அப்படியிருக்கையில் ஒரு மாலை அவளுடைய தங்கை மகள் வந்தாள். பெரியம்மாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்துவிட்டபோதிலும் எல்லோருக்கும் அவள் குட்டிதான். அலுவலக ஆண்டு விழாவில் மேடையேறி நிகழ்ச்சிகளை அறிவிக்கும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்திருந்தது. கரும்பச்சைத் துணியை மடியில் போட்டுவிட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"பெரியம்மா, அச்சு அசலா இதே மாதிரி வேணும்."

"என்னடி இது, இவ்வளவு ஒட்டி இருக்கு?"

"ஒட்டித்தான் நிக்கணும். கை கிடையாது. உள்ள முழுசா லைனிங். முதுகுல ஜிப்."

கணவர் கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், படத்தை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். "கை இல்ல, காலர் இல்ல. இதுல தைக்கிறதுக்கு என்னதான்மா இருக்கு?"

"நீங்க பேசாதீங்க பெரியப்பா. போன தடவ எங்கப்பா செருப்பப் போட்டுக்கிட்டுப் போனவர்தானே நீங்க?"

"அளவு சரியா இருந்துச்சேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் பெரியம்மாதான். சிரிப்பை நிறுத்தினால் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் சொன்னாள்: "இதெல்லாம் ஒரு வேலையாடி? வெச்சுட்டுப் போ."

மேல்துணி அவள் பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. குட்டியின் உடம்புக்குச் சரியாக இருந்த மேற்சட்டை ஒன்றை அளவுக்கு வைத்துக்கொண்டாள். பழைய செய்தித்தாளில் முதலில் வெட்டிப் பார்த்தாள். மார்பிலும் இடுப்பிலும் உடம்பின் வளைவுக்கேற்ப டாட் என்னும் கூர்மடிப்பு பிடித்தாள். தோளை மூட்டி, இரு பக்கங்களையும் மூட்டி, முதுகை மட்டும் ஜிப்புக்காகத் திறந்து வைத்தாள். குட்டி போட்டுப் பார்த்தபோது துணி சுருக்கமே இல்லாமல் இடுப்பில் வந்து அமர்ந்தது. கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்த அந்தப் பெண் பெரியம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிமிடம் டைலரம்மா என்ற பெயர் உண்மையாகிவிட்டதென்றே அவள் நம்பினாள்.

லைனிங்தான் பாக்கி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் குட்டி போனாள்.

லைனிங் துணியை மேல்துணியைப் போலவே வெட்டி, தோளையும் பக்கங்களையும் மூட்டினாள். பிறகு கை தானாகவே பழகிய வழியில் சென்றது. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தினாள். கழுத்தைச் சுற்றித் தைத்தாள். இடக்கை வளைவைச் சுற்றித் தைத்தாள். வலக்கை வளைவைச் சுற்றித் தைத்தாள். சுத்தித் தை, திருப்பிப் போடு. தையல் அவ்வளவு ஒழுங்காக விழுந்திருந்தது. ஞாயிறு முற்பகலில் அதைத் திருப்பக் கூடத்து மேசையருகே உட்கார்ந்தாள்.

திரும்பவில்லை.

அடிப்பக்கத்தின் வழியாக இழுத்தாள். முதுகுத் திறப்பின் வழியாக இழுத்தாள். தோள்பட்டைக்குள் விரலை விட்டு முன்பகுதியைப் பிடித்து இழுத்தாள். ஒரு தோள் வெளியே வந்தால் மற்றொரு தோள் உள்ளே போயிற்று. கவுன் முழுவதும் முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி போலக் கையில் கிடந்தது. காலருக்குத் திறந்த பக்கம் ஒன்று உண்டு. இதில் தோளும் மூடியிருக்கிறது, பக்கமும் மூடியிருக்கிறது. இந்தத் துணி எந்த வாசல் வழியாக வெளியே வரும்? எந்தத் தையலைக் கடைசிக்கு விட்டிருக்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று போய்க் கேட்கவும் ஆளில்லை. கேட்கிற இடத்தில் அவள் இல்லை, மற்றவர்கள் வந்து கேட்கிற இடத்தில் இருந்தாள்.

பொறுமையாகப் பிரித்திருக்கலாம். மாலைக்குள் முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில், தோள் தையலில் மட்டும் கொஞ்சம் திறந்தால் போதும் என்று கத்தரியை நுழைத்தாள். திருகிக் கிடந்த துணிக்குள் எது தையல், எது துணி என்று தெரியவில்லை. கத்தரி வழுக்கித் தோளிலிருந்து நெஞ்சுப் பக்கமாக விரல் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போயிற்று. மிச்சத் துணியை எடுத்து விரித்துப் பார்த்தாள். முன்பகுதிக்குப் போதாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பிற்பகலில்தான் திறக்கும். கணவர் அதே மேசையின் மறுமுனையில் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். போகும்போது சுவிட்சை அணைத்தார். 'டக்' என்ற சத்தம் அவள் காதில் விழுந்தது. இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றபடி ஆறிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். யோசித்துச் செய்தாள் என்று சொன்னால் அது பொய். யோசிக்காமல் செய்தாள் என்றால் அதைவிடப் பெரிய பொய். எழுந்து சென்று சுவிட்சைப் போட்டாள். சூட்டை முழுவதும் ஏற்றினாள். கவுனை இழுத்துக் கிழிசலுக்கு மேலே பெட்டியைப் படுக்க வைத்தாள். கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

துணி கருகவில்லை, உருகிற்று. நெடி வீடெங்கும் பரவியது. ஈரத்தலையோடு அவர் ஓடி வந்து பெட்டியைத் தூக்கினார். கரும்பச்சைத் துணி அதன் அடியில் பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. சுவிட்சைப் பார்த்தார்.

"அணைச்சேனே..." என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "அணைச்சேன்னுதான் ஞாபகம்."

அவள் சமையலறை வாசற்படியில் நின்றாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவள் வாயிலிருந்தும் ஒரு வாக்கியம்தான் வந்தது.

"அவசரத்துல மறந்திருப்பீங்க. பெட்டி சாஞ்சு விழுந்திருக்கும்."

மாலையில் குட்டி வந்தபோது அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே வாசலுக்குப் போனார். "நான்தாம்மா. இஸ்திரிப் பெட்டிய அணைக்க மறந்துட்டேன். உங்க பெரியம்மா பாவம், ராப்பகலா உக்காந்து தைச்சா."

குட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும் நல்ல பெண். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு நாள் உங்களையே எங்கயாவது வெச்சுட்டு வீட்டுக்கு வரப் போறீங்க பாருங்க" என்றாள். அவரும் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அடுத்த நாள் அவர் உருகிய துணியிலிருந்து நல்ல இடமாகப் பார்த்து ஒரு துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தத் துண்டோடு வைத்துப் பார்த்து, நிறம் மாறாமல் அதே துணியை வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார். "இந்தத் தடவ நான் பெட்டிய வெளி அறையில வெச்சுத் தேச்சுக்கறேன். நீ பயப்படாமத் தை" என்றார். அவள் துணியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை.

அதன்பிறகுதான் அவள் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்க்க நேர்ந்தது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன்மேல் விரலை வைத்தபடி, "அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். தமக்குத் தாமே சாட்சி வைத்துக்கொள்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். "அடுப்பு?" என்பார். அவர் அடுப்பைத் தொட்டே இருக்க மாட்டார். மாலையில் வீடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு கடைப் பூட்டை இழுத்துப் பார்க்கப் போவார். தங்கை வீட்டிலிருந்து பேசும்போதெல்லாம், "என்ன, இஸ்திரி சகலை எப்படி இருக்கார்?" என்று தங்கையின் கணவர் கிண்டலடிப்பார். முன்பெல்லாம் கேலிக்குப் பதிலடி கொடுப்பவர், இப்போது தொலைபேசியை அவளிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். அவளுக்கோ அந்தக் கேலியின் ஒவ்வொரு சொல்லும் தன்மேல் வந்து விழுவது போலிருக்கும். கூனிக் குறுகிப் போவாள். ஆயினும் வாய் திறக்கமாட்டாள்.

ஒரு காலை அவர் மேசையில் சாவிக்கொத்தை வைத்து, ஒவ்வொரு சாவியாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவர் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை.

"இன்னைக்கு முதலாளிகிட்ட சாவியக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"எதுக்கு வம்பு? அணைச்சேன்னு அன்னைக்குக் கண் முன்னால தெரிஞ்சுது. சத்தியம் பண்ணியிருப்பேன். ஆனா அணைக்கல. நாளைக்குப் பூட்டினேன்னு நெனச்சுக்கிட்டே பூட்டாம வந்துட்டா? அடுத்தவங்க சொத்து." ஒரு சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என் பேரே அவருக்குத் தெரியல."

அவள் தேய்த்துக்கொண்டிருந்தது சட்டைக் காலரை. வாழ்க்கையில் அவளுக்கு ஐயமின்றித் தெரிந்த ஒரே பொருள். அதைத் தேய்க்கும் கை நின்றது.

"என்னங்க. சாவியக் குடுக்க வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க மறக்கல. அன்னைக்கு அணைச்சீங்க. சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான்தான் மறுபடி போட்டேன்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு, அவளுக்கு உதவுவது போலக் கேட்டார்: "கை கிய் பட்டுடுச்சா? தெரியாம?"

தப்பிப்பதற்கான கதவை அவரே திறந்து விட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் உடனே மன்னித்திருப்பார், இருவருமாகச் சேர்ந்து சிரித்தும் இருப்பார்கள். அவளுக்கு நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. மென்று விழுங்கினாள்.

"இல்ல. வேணும்னுதான் வெச்சேன். கவுனத் திருப்பத் தெரியல எனக்கு. கத்தரியில கிழிச்சுட்டேன். அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வெச்சேன்." குரல் தேய்ந்தது. "எனக்கு முழுசா எதுவுமே தைக்கத் தெரியாதுங்க. காலர் மட்டும்தான்."

"அப்போ நான் அணைச்சேன்."

"அணைச்சீங்க."

அவர் முகம் மலர்ந்தது. தொலைத்த பொருள் கையிலேயே இருந்ததைக் கண்டவர் போல, வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் மறுபடி நிமிர்ந்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நான் இத்தனை நாளா சுவர்கிட்ட நின்னு தனியாப் பேசிக்கிட்டிருந்தேன். நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

அவர் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினார். சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருந்தது. அது மறதி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மாலையே குட்டியை வரவழைத்து, உட்காரக்கூடச் சொல்லாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்ற பயம்.

குட்டியின் பார்வை மேசையிலிருந்த இஸ்திரிப் பெட்டிமேல் சென்றது. பிறகு, "பெரியப்பாவ நான் என்னென்னவோ சொன்னேன்" என்றாள். "எங்கப்பா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"உங்கப்பாகிட்ட நானே சொல்றேன்."

"தெரியாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் பெரியம்மா? சிரிச்சிருப்பேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனையும். அலமாரியிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு குட்டி போய்விட்டாள். அவள் தடுக்கவில்லை.

தங்கை வீட்டுக்குப் போய், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள். தங்கை கணவர் வழக்கம்போல வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. திரும்பி நடந்து வருகையில் மாடி வீட்டுக்காரி, "டைலரம்மா, எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டபோது, "நான் டைலர் இல்லம்மா, காலர் தைக்கிறவ" என்றாள். மாடி வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை.

விழா நெருங்கிவிட்ட ஒரு நாள், குட்டி அதே துணியோடு திரும்பி வந்தாள். இன்னொரு பையில் கடையில் வாங்கிய, லைனிங் வைத்த கையில்லாக் கவுன் ஒன்று இருந்தது. "இது என் சிநேகிதியோடது. பிரிச்சுப் பாருங்க. பாத்துட்டு முன்ன இருந்த மாதிரியே தைச்சுக் குடுத்துடணும்." குரலில் பழைய கொஞ்சல் இல்லை. ஆனாலும் வந்திருந்தாள்.

பிரிக்கத் தேவைப்படவில்லை. பெரியம்மா கவுனின் அடியில் லைனிங்குக்குள் கையை விட்டுத் தையல் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே போனாள். பக்கத் தையல் லைனிங்கின் அடியிலிருந்து ஏறி, கைவளைவின் அடியைத் தாண்டி, அப்படியே மேல்துணியில் இறங்கிற்று. ஒரே கோடு. அப்படியென்றால் பக்கங்களைக் கடைசியில்தான் மூட்டியிருக்கிறார்கள். கழுத்தையும் கைவளைவுகளையும் தைத்தபின், பக்கங்கள் திறந்திருக்கும்போதே, முதுகின் இரு பாதிகளையும் தோள்பட்டைக்குள் விட்டு முன்புறமாக இழுத்துத் திருப்பியிருக்கிறார்கள். காலரில் திறந்து வைத்த நான்காவது பக்கம் இதில் இங்கே இருந்தது. ஒரு தையலை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, அவ்வளவே விஷயம். அதற்காகத் தான் என்னென்ன செய்தோம் என்று நினைக்கையில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

கவுன் முடிந்தது. நன்றாகவே வந்தது. குட்டி போட்டுப் பார்த்து, "சரியா இருக்கு பெரியம்மா" என்றாள். கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கணவர் பேசாமலிருந்த நாட்கள் மெல்ல முடிந்தன. சாவிக்கொத்து அவரிடமே இருக்கிறது. ஆனால் ஒருமுறை உள்ளே புகுந்த ஐயம், காரணம் பொய்யென்று தெரிந்ததற்காக எழுந்து போய்விடவில்லை. இப்போதும் சுவிட்சின்மேல் விரலை வைத்து ஒரு கணம் நிற்கிறார். வாய்விட்டுச் சொல்வதில்லை. சமையலறையிலிருந்து அவள் சொல்கிறாள்: "அணைச்சீங்க. நான் பாத்தேன்." அன்று சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு காலை தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். உள்ளே நுழையாமல் வாசலில் நின்று, முதல் முறையாக அவளைக் கேட்டார்.

"அணைச்சேனா?"

"அணைச்சீங்க. நான் பாத்தேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். அவர் உள்ளே போய்ச் சுவிட்சைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.